கல்யாணப் பரிசாக வந்த சொனாட்டா

ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய அரங்கு. மேடையில் ஜமுக்காளம் இல்லை, தம்புரா இல்லை, மைக் கூட இல்லை. கறுப்புப் பியானோ ஒன்று மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் வளைவை ஒட்டி ஒருவர் நின்றபடி வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த நாற்காலியில் மயிலாப்பூர் மாமி ஒருவர். பேத்தி பியானோ கற்றுக்கொள்கிறாளாம், அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பாகங்கள் முடியும்வரை கைகளை மடியில் கோத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். நாலாவது பாகம் தொடங்கிய அரை நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்து, "பிடில் பின்னாடியே வரது பாருங்கோ. பக்கவாத்தியம் மாதிரியே" என்றார்.

வாசிக்கப்பட்டது சீசர் ஃப்ராங்க் எழுதிய ஏ மேஜர் சொனாட்டா. 1886இல் பிறந்தது. வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்ட ரொமான்டிக் காலத்துப் படைப்புகளில் இதைவிட அதிகமாக வாசிக்கப்படுவது ஏதும் உண்டா என்பது சந்தேகம்தான். அதன் நாலாவது பாகத்தில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும். ஒரு தாளக்கட்டு கழிந்ததும் வயலின் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். மேலைநாட்டார் இதற்குக் 'கேனன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. பாடகர் ஆலாபனையில் ஒரு சஞ்சாரத்தை விட்டதும், வயலின் அதை நிழலாகத் தொட்டுக்கொண்டு வருவதை அவர் ஆயுள் முழுக்கக் கேட்டவர். காது தானாகக் கண்டுபிடித்துவிட்டது.

அன்று இரவு முழுக்கப் 'பக்கவாத்தியம்' என்ற மாமியின் வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சொனாட்டா பிறந்த கதையை அந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். வயலின் என்கிற வாத்தியம் உலகில் இரண்டு இடங்களில் பக்கவாத்தியமாக நுழைந்து, இரண்டு இடங்களிலும் மேடையின் நடுவுக்கு வந்திருக்கிறது. ஓரிடம் ஐரோப்பா. இன்னோரிடம் நம்முடைய சென்னை.

முதலில் சென்னை. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயம். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் குடும்பம், கம்பெனியாரிடம் துபாஷாக இருந்த மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. மூத்தவர் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இன்றைக்கும் குழந்தைகள் பாடுகிற நோட்டுஸ்வர சாகித்யங்கள் அவை. தம்பி பாலுசுவாமியை (1786 - 1858) அந்த மெட்டுகளைவிட அவற்றை வாசித்த வாத்தியம்தான் கவர்ந்தது. முதலியார் ஓர் ஐரோப்பிய வித்வானை ஏற்பாடு செய்ய, பாலுசுவாமி மூன்று வருடம் அவரிடம் பிடில் கற்றார். பிறகு அதில் நம் ராகங்களை வாசிக்கத் தொடங்கினார்.

அதுவரை பாட்டுக்குக் கூட வாசிக்க வீணையும் குழலும்தான் பெரிதும் இருந்தன. வீணையின் தந்தியை மீட்டிய நொடியிலிருந்து நாதம் தேய ஆரம்பித்துவிடும். பிடிலில் வில் ஓடுகிறவரை நாதம் நிற்கும். வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரல் வழுக்கிக்கொண்டு எந்த இடத்திலும் நிற்கலாம். மனிதக் குரல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அது போனது. நம்மவர்கள் அதைத் தரையில் உட்காரவைத்தார்கள். தலைப்பகுதியை வலது கணுக்காலில் சாய்த்து, உடலை மார்பில் ஊன்றினார்கள். நின்று வாசிக்கும் ஐரோப்பியரின் இடது கை வாத்தியத்தைத் தாங்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும் நம்மவரின் இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லை, கமகத்துக்கும் ஜாருவுக்கும் முழுதாகக் கிடைத்துவிட்டது. நாலு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் சீடரான தஞ்சை வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினையே பரிசளித்தார். ஆனாலும் கச்சேரியில் வயலினுக்கு இடம் பாடகருக்குப் பக்கத்தில்தான். பாடகர் முன்னே, வயலின் ஓர் அடி பின்னே. வயலினை மட்டும் வைத்துத் தனிக் கச்சேரி என்று ஒன்று வர 1938 ஆயிற்று. அந்த ஆண்டு வேலூரில் அதைச் செய்து காட்டியவர் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கதை என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வயலின் அங்கேயே பிறந்தது. இத்தாலியில் அதற்கென்று பெரும் பெரும் படைப்புகள் இருந்தன. ஆனால் வீட்டுக் கூடத்தில், கீபோர்டு வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாவில், வயலின் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற நிலையில் நெடுங்காலம் இருந்தது. எட்டு வயது மொசார்ட்டின் முதல் அச்சுப் புத்தகம் 1764இல் பாரிஸில் வெளிவந்தது. அதன் முகப்பிலேயே இவை ஹார்ப்ஸிகார்டுக்கான சொனாட்டாக்கள், வயலின் துணையோடும் வாசிக்கலாம் என்ற பொருளில் போட்டிருக்கும். இன்று நாம் 'வயலின் சொனாட்டா' என்று சொல்லிப் பியானோக்காரரைத் துணைக்கு வந்தவராக நினைத்துக்கொள்கிறோம். அன்று பியானோ பாடகர், வயலின் பக்கவாத்தியம்.

பீத்தோவன் வந்து இந்த வரிசையைக் குலைத்தார். 1803 மே 24, வியன்னாவில் ஆவ்கார்ட்டன் பூங்கா மண்டபம். காலை எட்டு மணிக் கச்சேரி. பீத்தோவன் பியானோவில், ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்கிற வயலின் மேதை பக்கத்தில். மை காய்ந்தும் காயாத ஏடு. இரண்டாம் பாகத்தைப் பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே வாசித்தாராம். அந்தச் சொனாட்டாவில் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒருவரையொருவர் விடாமல் துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு புரியும். பிறகு இருவருக்கும் மனஸ்தாபம் வந்து, காணிக்கை ஏட்டில் பிரிட்ஜ்டவரின் பெயர் போய், அதை ஒருநாளும் வாசித்திராத க்ராய்ட்சர் என்ற இன்னொரு வயலின் வித்வானின் பெயர் ஏறிவிட்டது. பிரிட்ஜ்டவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பக்கவாத்தியமும் ஆயிற்று, போட்டியும் ஆயிற்று. சேர்ந்து வாழ்வது பாக்கி இருந்தது. அதைச் செய்தவர் பாரிஸில் இருந்த ஒரு வயதான ஆர்கன் வாத்தியார்.

சீசர் ஃப்ராங்க் 1822இல் இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். தந்தை அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையேற்றிச் சம்பாதிக்கப் பார்த்தார். அந்தப் பிடியிலிருந்து விலகிக்கொண்டுதான் ஃப்ராங்க் கல்யாணம் செய்துகொண்டார். அதுவும் எப்போது? 1848 பிப்ரவரியில், பாரிஸில் புரட்சி வெடித்த நாளில். மாப்பிள்ளையும் பெண்ணும் தெருவில் போட்டிருந்த தடுப்புகளின் மேல் ஏறித் தாண்டித்தான் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிற்பாடு முப்பது வருடத்துக்கு மேல் சாந்த் க்ளோதில்த் தேவாலயத்தில் ஆர்கன், வீடுவீடாகப் பாடம், 1872 முதல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஆசிரியர் வேலை. காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் சொந்தமாக எழுதுவதற்கு. மாணவர்கள் அவரைத் தகப்பனாக நினைத்தார்கள். ஊர் கண்டுகொள்ளவில்லை.

அதே லியேஜில் பிறந்த இன்னொருவர் யூஜீன் இசாயி. ஃப்ராங்கைவிட 36 வயது சிறியவர். ஆஜானுபாகுவான ஆள், வில்லை எடுத்தால் அரங்கு நிறையும் நாதம் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1886இல் இசாயிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. 63 வயது ஃப்ராங்க் அந்தக் கோடையில் உட்கார்ந்து ஒரு சொனாட்டா எழுதினார்.

கல்யாணம் செப்டம்பர் கடைசியில், பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரில். ஃப்ராங்கால் வர முடியவில்லை. நண்பர் ஷார்ல் போர்த் மூலம் ஏட்டைக் கொடுத்தனுப்பினார். கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளையின் கையில் அது வந்து சேர்ந்தது. மொய்க்கவரையும் வெள்ளிக் குத்துவிளக்கையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மாப்பிள்ளை அடுத்த வேலையைப் பார்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இசாயி ஏட்டைப் பிரித்தார், படித்தார், வயலினை எடுத்தார். போர்த்தின் உறவினரான லியோன்டீன் போர்த்-பென் விருந்தாளியாக வந்திருந்தார், நல்ல பியானோக் கலைஞர். அவசர அவசரமாக ஒரு ஒத்திகை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் முன்னால் அந்தச் சொனாட்டா முதல்முறையாக ஒலித்தது.

ஊரறிய அரங்கேறியது அதே ஆண்டு டிசம்பர் 16, பிரஸ்ஸல்ஸ் நகரின் நவீன ஓவியக் கூடத்தில். நம் கணக்கில் மார்கழி பிறந்த கையோடு வரும் நாள். நீண்ட நிகழ்ச்சி, பிற்பகல் தொடங்கியது, இந்தச் சொனாட்டா கடைசி உருப்படி. டிசம்பரில் அந்த ஊரில் நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். ஓவியங்களுக்கு ஆபத்து என்று அங்கே விளக்கேற்ற அனுமதி கிடையாது. முதல் பாகம் முடிவதற்குள் ஏட்டில் இருந்த புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. ரசிகர்களைக் கலைந்து போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இசாயி ஏடு வைத்திருந்த தாங்கியை வில்லால் தட்டி, வாசிக்கலாம், வாசிக்கலாம் என்றார். மீதி மூன்று பாகங்களையும் இருவரும் அந்த இருட்டில் மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். ஃப்ராங்கின் மாணவர் வான்சான் தாந்தி இதைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

நம் வித்வான்களுக்கு விளக்கு அணைவது பெரிய விஷயமில்லை. ஏடு வைத்துக்கொண்டு வாசிக்கும் வழக்கம் இல்லாதவர்கள். அங்கே நிலைமை வேறு. பியானோப் பகுதி மிகக் கடினம். ஃப்ராங்கின் கை பெரிய கை, தம் கைக்கு எட்டியதையெல்லாம் எழுதிவிட்டார், சாதாரணக் கைகள் இன்றும் அந்த இடங்களில் திணறுகின்றன. புத்தம்புதிய படைப்பு, யாரும் கேட்டுப் பழகாதது. அதை இருட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வாசிப்பதென்றால் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் வாசித்திருக்க வேண்டும். லியோன்டீன் அம்மையாரின் பெயர் இந்தக் கதையில் இசாயியின் பெயருக்குச் சமமாகச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம். பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

இன்னொரு தற்செயல். அதே 1886 கோடையில் சுவிட்சர்லாந்தில் தூன் ஏரிக்கரையில் பிராம்ஸும் ஒரு சொனாட்டா எழுதினார். அதுவும் ஏ மேஜர்தான். வியன்னாவில் அது அரங்கேறியது டிசம்பர் 2, ஃப்ராங்கின் சொனாட்டாவுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு. ஒரே ஸ்ருதியில், ஒரே மாதத்தில், இரண்டு பெரும் படைப்புகள். இரண்டின் முகப்பிலும் பியானோவின் பெயர்தான் முதலில் வரும்.

சொனாட்டாவுக்குள் போவோம். முதல் பாகம் மூன்று மூன்றாக அசைந்தாடும் நடை, தூளி ஆடுவது போல. ஃப்ராங்க் மனதில் இருந்தது இன்னும் நிதானமான காலப்பிரமாணம் என்றும், இசாயி கொஞ்சம் விறுவிறுப்பாக வாசித்துக் காட்ட, அவரும் ஒத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். இங்கே வயலினுக்கு ஒரு மெட்டு, பியானோவுக்கு ஒரு மெட்டு. பியானோ தனியாக வாசிக்கும் இரண்டாவது மெட்டை வயலின் தொடுவதே இல்லை. புதுசாகப் பார்த்துக்கொண்ட இருவர் அவரவர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் பாகம் புயல், பியானோவில்தான் முதலில் மூள்கிறது. மூன்றாம் பாகத்தில் தாளக்கட்டு தளர்ந்துவிடும். வயலின் தனியே யோசித்து யோசித்துப் பேசும், பியானோ இடையில் ஒரு சொல் போடும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். ராக ஆலாபனைக்கு மிக அருகில் மேலைநாட்டு இசை வந்து நிற்கும் இடங்களில் இது ஒன்று. முதல் பாகத்தில் கேட்ட துணுக்குகள் வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் நாலாவது பாகம். பியானோ தன் வலது கையால் மெல்லத் தொடங்குகிறது. எளிமையான மெட்டு, ஒரு தடவை கேட்டால் முணுமுணுக்கலாம். ஒரே ஒரு தாளக்கட்டு. வயலின் அதே மெட்டோடு, மேல் ஸ்தாயியில், பின்னால் வந்து சேர்கிறது. பியானோ இறங்கும் நேரம் வயலின் ஏறுகிறது, பியானோ மூச்சு விடும் இடத்தை வயலின் நிரப்புகிறது. எவரும் எவருக்காகவும் நிற்பதில்லை, எவரும் எவரையும் முந்துவதுமில்லை. மொசார்ட் பையன் காலத்தில் வயலினுக்கு விதிக்கப்பட்டிருந்த அந்தப் பின்னால் வரும் இடத்தையே எடுத்து, இரண்டு வாத்தியமும் சமமாக நிற்கும் இடமாக ஃப்ராங்க் ஆக்கிவிட்டார். அக்கினியைச் சுற்றி வரும்போது மணமக்களில் ஒருவர் ஓர் அடி முன்னேதான் இருப்பார். கை கோத்திருக்கும்.

இந்த இசை பிரஸ்ஸல்ஸிலிருந்து சென்னைக்கு வந்த வழியில் ஒரு குரு பரம்பரை இருக்கிறது. இசாயி பிறகு வெகுகாலம் இந்தச் சொனாட்டாவை ஊர் ஊராக எடுத்துப்போனார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் லூயி பெர்சிங்கர் என்ற அமெரிக்கர். பெர்சிங்கரின் சீடன் யெஹூதி மெனுஹின். சிறுவனாக பிரஸ்ஸல்ஸ் போய் இசாயி முன்னாலேயே வாசித்துக் காட்டியவர். ஃப்ராங்க் சொனாட்டாவைத் தம் தங்கை ஹெப்சிபாவின் பியானோவோடு இசைத்தட்டில் பதிந்தவர். அந்த மெனுஹின் 1952இல் நேருவின் அழைப்பில் இந்தியா வந்தார். கூட வந்த பியானோக் கலைஞர் மார்செல் கஸேல், அவரும் பெல்ஜியக்காரர். பஞ்ச நிவாரண நிதிக்காக நகரம் நகரமாக இருவரும் வாசித்தார்கள். அந்தப் பயணத்தில் சென்னையும் இருந்தது.

இங்கே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் வீட்டில் மெனுஹினுக்காக ஒரு தனிக் கச்சேரி நடந்தது. வாசித்தவர் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு. வேலூரில் முதல் தனிக் கச்சேரி செய்த அதே துவாரம். பார்வைக் குறைபாட்டால் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளை, ஏடு பார்த்து வாசிக்கும் தேவையே இல்லாத வித்வான், மேலைநாட்டு வில்வீச்சின் அழுத்தத்தையும் நீளத்தையும் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். மெனுஹின் அதைக் கேட்டு வியந்து நின்றார். நூற்றைம்பது வருடம் முன்பு இந்த ஊர்க் கோட்டையில் பாலுசுவாமி தீட்சிதர் எந்த வாத்தியத்தை வியந்து கேட்டாரோ, அது தரையில் உட்கார்ந்து தன் சொந்தக்காரனுக்கே புதிதாகக் கேட்டது. சென்னையின் இசை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மாலை அதுதான். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை கிடைத்திருந்தால் போதும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

வயலின் இங்கே நம்முடையதாகிவிட்டது. பியானோ ஆகவில்லை, ஆவதும் கடினம். தட்டிய கட்டையில் ஸ்வரம் அசையாமல் நிற்கும், கமகம் வராது. கடற்கரை ஈரம் வேறு. உள்ளே இருக்கும் மரப்பலகை மழைக்காலத்தில் ஊறும், கோடையில் காயும், ஒவ்வொரு தடவையும் ஸ்ருதி நகரும். பழைய வீடுகளில் ஈரம் அண்டாமலிருக்கப் பியானோவுக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அண்ணா சாலையில் 1842இல் மிஸ்க்வித் கடையாகத் தொடங்கிய மியூஸி மியூஸிகல் இருக்கிறது. மயிலாப்பூர் அறையில் உட்கார்ந்து இளையராஜாவுக்கு மேலைநாட்டு இசை இலக்கணம் சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் பரம்பரை இருக்கிறது. 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது. தி. நகரிலும் அடையாறிலும் மாலை நேரத்தில் மாடி வீடுகளிலிருந்து ஸ்கேல் பழகும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அன்று மாமியின் பேத்தி, பியானோக்காரருக்கு ஏட்டின் பக்கம் புரட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் மாமி என்னிடம் யார் எழுதினது என்று கேட்டார். சொன்னேன், கல்யாணக் கதையையும் சேர்த்து. "கல்யாணத்துக்குக் கொடுத்ததா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, பேத்தியின் பக்கம் திரும்பி அவளுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

ஃப்ராங்க் 1890 நவம்பரில் காலமானார். அந்த வசந்தத்தில் அவருடைய நால்வர் இசைக்குக் கிடைத்த கைதட்டல்தான், 67 வயதில், ஊர் அவருக்குக் கொடுத்த முதல் பெரிய வெற்றி. இசாயிக்கு அவர் கொடுத்த பரிசின் நாலாவது பாகம் ஆறு நிமிடத்துக்குச் சற்று கூடவோ குறையவோ இருக்கும். இந்த மார்கழியில் சபாவுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டுப் போங்கள். போய், பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலினைக் கவனியுங்கள்.